கனிந்த பேரிக்காயின் மூச்சு

பிப்ரவரி 3

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டால், "இப்பத்தான் அக்கறை வந்துச்சா?" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்களுக்குப் பல முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஆய்வகத்து மின்னஞ்சலைத் துறைத்தலைவரும் திறந்து பார்ப்பார். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும்.

வேலை விஷயம் ஒன்று. நாம் சேர்ந்து ஆரம்பித்த பேரிக்காய் ஆராய்ச்சியின் அறிக்கையை மே மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறார் தலைவர். என் பங்கு முடிந்துவிட்டது. பறித்த காய், பழுக்கத் தொடங்கியது, நன்றாகப் பழுத்தது, தொட்டால் குழைவது என்று நாலு கட்டத்திலும் மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரித்து, அது எவ்வளவு ஆக்ஸிஜன் இழுக்கிறது என்று அளந்தேன். முதல் மூன்றும் ஜோராக இழுக்கின்றன. குழைந்த பழத்தில் அசைவே இல்லை. கருவி வரைகிற கோடு படுத்துவிட்டது. தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "செல்லுக்குள்ள இருக்கிற அடுப்பு அணைஞ்சு போகுது, அதனாலதான் பழம் அழுகுதுன்னு நான் எப்பவோ எழுதினேனே!" என்று தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்கிறார்.

இனி வேண்டியது உங்கள் படம் மட்டும்தான். குழைந்த பழத்தின் துண்டுகளைப் பதப்படுத்தி நீங்கள் பெட்டியோடு எடுத்துப் போய்விட்டீர்கள். உங்கள் புது வேலையிடத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தீர்களா? உடைந்து சிதறின மைட்டோகாண்ட்ரியா படம் ஒன்று கிடைத்தால் போதும்.

வேறு ஒன்றும் இல்லை. இருக்கிறது, ஆனால் எழுதப் போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் தாமதமாக வருகிறீர்கள் என்று நினைத்து உங்களுக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டேன். நீங்கள் ஊரை விட்டே போய்விட்டதை டீ கொண்டுவந்தவர்தான் எனக்குச் சொன்னார். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 12

உயிர்வேதியியல் பிரிவு ஆய்வாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

முதலில் ஒன்று. உன் அண்ணனுக்கும் எனக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. அவர் வழியாக வந்த உறவுப் பெயரையும் அந்தத் தீர்ப்போடு சேர்த்து ஒப்படைத்துவிட்டேன். 'அண்ணி' வேண்டாம்.

படங்கள் உறைக்குள் இருக்கின்றன. நீ உடைந்த மைட்டோகாண்ட்ரியா கேட்டாய். தேடினேன். இல்லை. எல்லாம் முழுசாக இருக்கின்றன. வெளிச் சவ்வு கிழியவில்லை. உள்மடிப்புகள் கலையவில்லை. சுற்றியுள்ள செல் சுவர்தான் பழைய கம்பளி பிரிந்த மாதிரி நைந்து கிடக்கிறது. அதற்கு நடுவில் இவை நேற்றுச் செய்து வைத்தது போல உட்கார்ந்திருக்கின்றன.

செத்தவை இப்படி இருக்காது. உன் அளவு தப்பு.

டீ விஷயம். போகப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தால், அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உன் அண்ணன் முகத்தை நீ எப்படிப் பார்த்திருப்பாய்? ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நீங்கள். உன்னை அந்த இக்கட்டில் மாட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. இதை நீ கோபமாக எடுத்துக்கொண்டால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

படம் எடுப்பவள்


பிப்ரவரி 19

படம் எடுக்கும் அம்மையாருக்கு,

"உன் அளவு தப்பு." எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பழத்தைத் தோல் சீவி, குளிரவைத்த சர்க்கரைக் கரைசலில் போட்டு, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சுழற்றி, அடியில் படிவதை எடுத்து அளக்கிறேன். நாலு கட்டத்துக்கும் ஒரே மிக்ஸி, ஒரே கரைசல், ஒரே கை. காயில் சரியாக வருகிற அளவு பழத்தில் மட்டும் எப்படித் தப்பாகும்?

உங்கள் படங்களை மேசை விளக்குக்குக் கீழே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் மூட்டை கட்டினீர்களே, பெட்டி ஏதும் மாறியிருக்குமோ? காய்த் துண்டைப் பழத் துண்டு என்று எடுத்திருப்பீர்களோ?

வீட்டில் அண்ணன் என் முன்னறையில்தான் இருக்கிறான். ஊர் ஊராய்ப் போய் பல் மருத்துவமனைகளுக்கு நாற்காலி விற்கிற வேலை இன்னும் விடவில்லை. மாதிரிக்கு என்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து டி.வி.க்கு எதிரே போட்டிருக்கிறான். சாய்ந்து படுத்து, வாயைத் திறந்துகொண்டே செய்தி பார்க்கிறான். "யாருக்கு எழுதுற?" என்று கேட்டான். "கஸ்டமர் கேருக்கு, ஒரு புகார்" என்றேன். பாதி உண்மைதானே.

என்ன பெயர் போட்டு முடிப்பது என்று தெரியவில்லை. நாத்தனாரும் அந்தத் தீர்ப்பில் போய்விட்டாள் அல்லவா?

புகார்தாரர்


மார்ச் 6

புகார்தாரருக்கு,

என் பெட்டி மாறாது. நான் மூட்டை கட்டியது அவசரத்தில் இல்லை. நாலு மாதம் யோசித்துக் கட்டினேன்.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். சந்தையில் புதிதாகப் பேரிக்காய் வாங்கி வந்தேன். என் அறையில் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துத் தினமும் ஒன்றை வெட்டி ஒரு துண்டைப் பதப்படுத்தினேன். வெளியில் பச்சையாகவே இருக்கிறது. விதையைச் சுற்றி முதலில் குழைகிறது. பழுத்த பிறகும் அதற்குப் பெயர் பேரிக்காய்தான். ஏன் யாரும் பேரிப்பழம் என்று சொல்வதில்லை? இதுவரை எனக்குத் தோன்றாத கேள்வி.

வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்துவிட்டார்.

"என்னம்மா, பழத்தை வாங்கித் திங்காம அழுக விடுறீங்க? ஈ மொய்க்குது."

"ஆராய்ச்சிங்க. பழம் பறிச்ச பிறகும் மூச்சு விடும். பழுக்கிற நேரத்துல மூச்சு வாங்கும், நாம மாடிப்படி ஏறினா வாங்குமே அந்த மாதிரி. அப்புறம் அடங்கிடும். எதனால அடங்குதுன்னு பாக்குறோம்."

"மூக்கு எங்க இருக்கு அதுக்கு?"

"செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் நூத்துக்கணக்குல இருக்கு."

அவர் ஒரு பழத்தை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. சின்ன வயதில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஈயை மறந்துவிட்டு, "கடைசியில என்னாச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

புதுப் படங்களும் முன்பு போலவே இருக்கின்றன. குழைந்த பழத்திலும் எல்லாம் முழுசு. ஆக, என் கண்ணும் சரி, ஒருவேளை உன் கருவியும் சரி. நான் துண்டை அது இருக்கிற இடத்திலேயே மருந்து போட்டு நிறுத்திவிடுகிறேன். நீ அரைத்து வெளியே எடுக்கிறாய். நம் இருவருக்கும் நடுவில் இருப்பது உன் மிக்ஸி ஒன்றுதான்.

ஒரு கேள்விக்குப் பதில் எழுது, ~~பொடிசு~~ (பழக்கதோஷம், அடித்துவிட்டேன்). குழைந்த பழத்தை அரைத்தால் சாறு என்ன நிறத்தில் இருக்கிறது?

படம் எடுப்பவள்


மார்ச் 17

அடித்தாலும் படிக்க முடிகிறது. பொடிசு என்று என்னைக் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது. இந்த வயதில் என்னை அப்படிக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

சாறு பழுப்பு நிறம். உங்கள் கடிதம் வருகிற வரைக்கும் அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. வெட்டின பழம் கறுக்கும், யாருக்குத்தான் தெரியாது? கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடித்த இடம் கறுத்ததும் குழந்தை துப்பிவிட்டது. கறுக்கிற பொருள் குழந்தைக்கே பிடிக்கவில்லை என்றால், மைட்டோகாண்ட்ரியாவுக்கு எப்படிப் பிடிக்கும்?

ஆய்வகத்துக்குப் போய்ச் செருப்பைக் கூட மாற்றவில்லை. பச்சைக் காயிலிருந்து எடுத்த நல்ல மைட்டோகாண்ட்ரியாவை, ஆக்ஸிஜன் அளக்கிற எலக்ட்ரோடில் வைத்தேன். வழக்கம் போல ஆக்ஸிஜனை இழுத்தது. கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. அதில் குழைந்த பழத்துச் சாறு சில சொட்டு விட்டேன். வெறும் சாறு, வேறு ஒன்றும் இல்லை. கோடு அப்படியே படுத்துவிட்டது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லா இருந்ததை நான் கண் முன்னால் கொன்றிருக்கிறேன். பழத்துக்குள் அந்தச் சாறு தனிப் பைக்குள் இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் மிக்ஸிக்குள் போட்டுக் கலக்கியது நான். காயில் அந்தச் சாறு இவ்வளவு வேகமாகக் கறுப்பதில்லை, அதனால் பிழைத்துக்கொள்கிறது. பழத்தில் மாட்டிக்கொள்கிறது.

தலைவரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது எப்போதுமே நல்ல அறிகுறி இல்லை.

"சாறுல ஏதாவது அழுக்கு இருந்திருக்கும்மா."

"மூணு பழத்துல பாத்தேன் சார். மூணும் ஒரே மாதிரி."

"பழைய அளவு இருக்குல்ல? அதை எழுதுங்க. அறிக்கை போன பிறகு நிதானமா இதைப் பாத்துக்கலாம். உங்க பதவி நீட்டிப்பு ஜூன்ல வருது, மறந்துடாதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. உங்களுக்கும் தெரியும். அவர் எழுதின புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இதன் மேல்தான் நிற்கிறது. என்னுடைய வேலையும் அவர் கையெழுத்தின் மேல்தான் நிற்கிறது. என்ன செய்வது?

பொடிசு


மார்ச் 25

பொடிசுக்கு,

(இந்த முறை அடிக்கவில்லை.)

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். மறுபடி உட்கார்ந்து படித்தேன். சாறு விட்டுப் பார்த்த சோதனை அபாரம். எனக்கு வந்திருக்காது. நான் பார்ப்பதோடு நின்றுவிடுகிறவள்.

தலைவரை விடு. முதலில் கொல்லாமல் எடுக்க முடிகிறதா என்று பார். மிக்ஸியைத் தொடாதே. கையால் துருவு. கேரட் துருவுகிறோமே, அந்தத் துருவி போதும். பழத்தைக் கரைசலுக்குள்ளேயே அமிழ்த்திவைத்துத் துருவினால் காற்றுப் படாது. கரைசலில் வைட்டமின் சி போடு, கறுப்பது நிற்கும். கறுப்புப் பொருளைப் பிடித்து இழுத்துக்கொள்கிற வெள்ளைத் தூள் ஒன்று மருந்தறையில் மேல் அலமாரியில் இருக்கும். நான் வாங்கி வைத்தது, யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். புளிப்பு ஏறாமல் பார்த்துக்கொள். எல்லாம் பனிக்கட்டி மேல் நடக்க வேண்டும். அவசரப்படாதே. நீ அவசரக்குடுக்கை.

இன்னொன்று. மிக்ஸியில் அரைத்து எடுத்ததையும் துருவி எடுத்ததையும் தனித்தனியாகப் பதப்படுத்தி எனக்குக் கொடுத்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பேன். எது உடைந்தது, எது முழுசு என்று தலைவர் கண்ணாலேயே பார்க்கலாம். பதப்படுத்துகிற மருந்தைத் தபாலில் வாங்க மாட்டார்கள். யாராவது கையில் கொண்டுவர வேண்டும்.

நீ வரலாம். வர வேண்டும் என்று சொல்லவில்லை. வரலாம் என்கிறேன்.

கேள்வி இன்னும் முடியவில்லை என்று தோன்றுகிறது. மைட்டோகாண்ட்ரியா கடைசி வரை உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள். பிறகு பழத்தின் மூச்சு ஏன் அடங்குகிறது? நேற்றுக் குளிக்கும்போது இதையே யோசித்துச் சோப்பைத் தலைக்குப் போட்டுவிட்டேன்.

படம் எடுப்பவள்


ஏப்ரல் 4

நீங்கள் சொன்ன இடத்தில் தூள் இருந்தது. டப்பா மேல் உங்கள் கையெழுத்தில் "தொடாதே" என்று எழுதியிருந்தது. தொட்டேன்.

துருவி மட்டும் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து எடுத்துப் போனேன். மறுநாள் அண்ணன் சமையலறையில் நின்று எல்லா இழுப்பறையையும் இழுத்துப் போட்டுவிட்டான்.

"துருவி எங்க?"

"ஆய்வகத்துல."

"அங்க என்ன, கேரட்டுக்கு ஆராய்ச்சியா?"

"பேரிக்காய்க்கு."

"அப்ப இனிமே நான் கேரட்டைக் கடிச்சுத்தான் திங்கணுமா?" என்று பல் நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். கடித்தான் என்றே நினைக்கிறேன். சத்தம் கேட்டது.

இப்போது கேளுங்கள். விரல் நுனி குளிரில் மரத்துப்போகிற வரை துருவினேன். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் தோலும் போயிற்று. கரைசல் பால் மாதிரி வெள்ளையாகவே இருந்தது, கறுக்கவே இல்லை. சுழற்றினேன். அடியில் தந்த நிறத்தில் ஒரு படிவு. எலக்ட்ரோடில் வைத்துவிட்டு, பார்க்கப் பயந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கருவி பேப்பரில் பேனாவை இழுக்கிற சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால் கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது, அண்ணி! காயில் எப்படி இறங்குமோ அப்படி. நன்றாகப் பழுத்ததில் எப்படி இறங்குமோ அப்படி. குப்பையில் போட வேண்டிய பழம் அது. தோலைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது. அதற்குள்ளிருந்து எடுத்தது ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி மூச்சு விடுகிறது.

(அண்ணி என்று எழுதிவிட்டேன். பேனா தானாகப் போய்விட்டது. வேண்டுமானால் அடித்துக்கொள்ளுங்கள்.)

அறையில் யாரும் இல்லை. சொல்வதற்கு ஆள் தேடி வெளியே வந்தேன். தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், "மூச்சு விடுதும்மா!" என்றேன். "யாருக்கு என்னாச்சு?" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

இரண்டு வகையும் பதப்படுத்திக் குப்பிகளில் வைத்துவிட்டேன். நான் வர முடியாது. அறிக்கை முடியும் வரை விடுப்பு கேட்கவே கூடாது என்கிறார் தலைவர். அண்ணன் அடுத்த வாரம் உங்கள் ஊர்ப் பக்கம் போகிறான். நான் கேட்கவில்லை. குப்பிகளை நான் பெட்டியில் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "அவளுக்குத்தானே? நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். கஸ்டமர் கேர் யார் என்று முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நிறுத்திவிடுகிறேன். அவனுக்கு உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் அது அவன் வாயால் வர வேண்டியது.

பொடிசு


ஏப்ரல் 18

பொடிசு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அண்ணன் வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூட்டி வந்தேன்.

"இதுக்குள்ள இருக்கிறதெல்லாம் உயிரோட இருக்கா?"

"இல்ல. மருந்து போட்டு நிறுத்தி வச்சிருக்கா."

"அப்ப ஐஸ் எதுக்கு? வழியெல்லாம் ஐஸ் வாங்கிப் போட்டுட்டு வந்தேன். ரயில்ல எல்லாரும் மீன்காரன்னு நினைச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். கல்யாணமான புதிதில் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திக்கொண்டோம்.

பிறகு சொன்னார். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிற பெண்ணாம். ஜூலையில் கல்யாணமாம். "உனக்கு மத்தவங்க சொல்லித் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றார். "நல்லா இருங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "ஊர் ஊரா சுத்தாம வீட்டுல இருப்பீங்களான்னு அவ கேட்டா. நாற்காலி விக்கிற வேலையை விட்டுடப் போறேன்" என்றார். நான் எட்டு வருடம் கேட்டது அது. சொல்லிக் காட்டவில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "அழகா இருக்கே" என்றார். போய்விட்டார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் சரிப்படவில்லை.

வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தது, ஆனால் நினைத்த இடத்தில் வலிக்கவில்லை. அவர் போய்விட்டார் என்பது பழைய செய்தி. உன் வீட்டுக்கு ஓர் அண்ணி வரப் போகிறாள் என்பதுதான் சுருக்கென்று தைத்தது. வேண்டாம் என்று முதலில் எழுதினவளே நான்தான். அதனால் கேட்க உரிமை இல்லை. அவளை அண்ணி என்று கூப்பிடு. புதிதாக வருகிறவளுக்கு அது தேவைப்படும்.

படங்கள் உள்ளே. இடப்பக்கம் மிக்ஸி: தண்ணீர் கோத்துக்கொண்ட பை மாதிரி உப்பி, வெடித்து, உள்ளே ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் துருவி: முழுசு. மடிப்பெல்லாம் அப்படியே. இரண்டும் ஒரே பழம். இதைப் பார்த்த பிறகும் யாராவது அடுப்பு அணைந்தது என்றால், அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

விரலுக்கு மருந்து போட்டாயா?

படம் எடுப்பவள்


மே 9

அண்ணிக்கு,

அண்ணிக்கு என்றுதான் எழுதுவேன். வரப் போகிறவளிடம் நேராகவே பேசிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டேன். "ஐயோ, அண்ணின்னு மட்டும் கூப்பிட்டுடாதீங்க, நாப்பது வயசு ஆன மாதிரி இருக்கு. பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்றாள். பிரச்சினை தீர்ந்தது. உங்களுக்கு ஏற்கெனவே நாற்பது ஆகிவிட்டதால் உங்களுக்கு ஆட்சேபணை இருக்காது.

அவளுக்கும் பேரிக்காய் பற்றி முழுசாகச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுக்கார அம்மா மாதிரியே மூக்கு எங்கே என்று கேட்டாள்.

இப்போது தலைவர் கதை. புதுக் கோடுகளையும் உங்கள் படங்களையும் வைத்து அறிக்கையை மாற்றி எழுதி, இரண்டு பேர் பெயரும் போட்டு அவர் மேசையில் வைத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"இவங்க இப்ப நம்ம நிறுவனத்துல இல்லையே. பேரு எதுக்கு?"

"அப்ப என் பேரையும் எடுத்துடுங்க சார்."

"ஜூன்ல நீட்டிப்பு வருதுன்னு சொன்னேன்ல?"

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செஞ்சு காட்டுங்க" என்றார். துருவினேன், சுழற்றினேன், வைத்தேன். கோடு இறங்கியது. "இன்னொரு தடவை." இறங்கியது. "நீங்க பழம் பொறுக்கி எடுத்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான், என் வேலை போச்சு என்று மேசையைத் துடைத்து மூடிவிட்டேன்.

மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே வந்து கதவுப் பக்கம் நிற்கிறார். கையில் சாப்பாட்டு டப்பா. திறந்தால் ஒரே ஒரு பேரிக்காய். ஒரு பக்கம் சப்பையாகி, தோல் சுருங்கி, கறுப்புப் புள்ளி விழுந்தது.

"எங்க வீட்டுல குப்பையில போட வச்சிருந்தாங்க. இதை வச்சுச் செய்யுங்க பாப்போம்."

அந்தப் பழத்தைத் தோல் சீவக்கூட முடியவில்லை, கையிலேயே வழிந்தது. போட்டிருந்த மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "தள்ளுங்க, நான் துருவுறேன்" என்று அண்ணனுடைய கேரட் துருவியைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கையால் ஒரு சோதனை செய்து எத்தனை வருடம் ஆயிற்றோ! குளிரில் விரலை உதறிக்கொண்டே துருவினார். எலக்ட்ரோடு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

அவர் வீட்டுப் பழமும் மூச்சு விட்டது.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தப்பு என்று பட்டது. கோடு அடிவரை இறங்கி, ஆக்ஸிஜன் தீர்ந்து, பேனா நின்றது. அவர் என்னைக் கேட்டார், அண்ணி, அதிகாரத்தோடு இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்:

"அப்ப பழம் ஏன்மா அழுகுது?"

"தெரியல சார்."

"வேலை செய்யத் தெம்பு இருக்கு. ஆனா முழுப் பழத்தை அளந்தா மூச்சு அடங்குது. யாரோ வேலை கொடுக்க மாட்டேங்கிறாங்க."

"இருக்கலாம் சார்."

"இவங்களை எழுதிக் கேளுங்களேன். இந்தப் படத்தை எடுத்தவங்களை." பிறகு டப்பாவைக் கழுவிக்கொண்டு போனார். அறிக்கை பழைய புத்தகத்துக்கு எதிராகவே போகிறது, இரண்டு பெயரோடு. முன்னுரையில் ஒரு வரி மட்டும் அவர் சேர்த்தார், தன் பழைய கருத்து பொருந்தவில்லை என்று. நீட்டிப்பு பற்றி இன்னும் பேச்சில்லை. வரலாம், வராமலும் போகலாம்.

அதனால் கேட்கிறேன். மூச்சு ஏன் அடங்குகிறது?

பொடிசு


மே 20

பொடிசு,

தெரியாது.

வீட்டுக்கார அம்மாவும் அதையேதான் கேட்டார். "கடைசியில என்னாச்சு?" என்றார். உயிரோடுதான் இருக்கிறது என்றேன். "அப்ப எதுக்கு அழுகுது?" என்றார். உங்கள் தலைவருக்கும் அவருக்கும் ஒரே கேள்வி. எனக்கும்.

ஒன்று தோன்றுகிறது. இதுவரை நீ உன் ஊரில் உன் பழத்தை அளந்தாய், நான் என் ஊரில் என் பழத்தைப் படம் பிடித்தேன். உன் குப்பிகளில் வந்ததைத் தவிர எல்லாம் வேறு வேறு பழம். வேலை கொடுக்காதது யார் என்று பிடிக்க வேண்டுமென்றால் ஒரே பழம் வேண்டும். முதலில் முழுப் பழத்தின் மூச்சை அளப்போம். அளந்த கையோடு நடுவில் பிளப்போம். பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ துருவ ஆரம்பிக்கிற நிமிடத்தில் நான் என் பாதியை மருந்தில் போட்டுவிடுவேன். பச்சைக் காயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் ஒன்று. அதற்கு இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் முதல் வாரம் வருகிறேன். உன் வீட்டில் தங்க மாட்டேன். கல்யாணக் களை கட்டியிருக்கும், நடுவில் நான் நின்றால் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம். நிறுவனத்து விருந்தினர் அறையில் ஒரு கட்டில் சொல்லி வை. ஜன்னல் இருந்தால் நல்லது. உன் அண்ணனுக்கு ஒரு புதுத் துருவி வாங்கிக் கொடுத்துவிடு, பாவம்.

நீட்டிப்பு வராவிட்டால், இங்கே எலக்ட்ரோடு வாங்கப் போகிறார்கள், இயக்க ஆள் இல்லை. வற்புறுத்தவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

பழம் நீ வாங்கி வைக்காதே. உனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது, எல்லாம் அடிபட்டதாக எடுப்பாய். நானே காயாகப் பொறுக்கி எடுத்து வருகிறேன். ஸ்டேஷனுக்கும் வராதே. எனக்கு வழி தெரியும்.

வந்தாலும் பரவாயில்லை. கூடை கனமாக இருக்கும்.

அண்ணி